புள்ளி மறைந்த பிறகும்

பிப்ரவரி 3

அன்புச் சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டுக்காரருக்கு முதுகு வலி குறைந்ததா? தண்ணீர் நிரம்பிய தொட்டியைத் தனியாகத் தூக்காதே என்று நீயும் சொல்லித்தான் பார்க்கிறாய், அவர் கேட்கிற ஆளா?

ஞாயிறு தவறாமல் போனில் பிடிக்கிற அண்ணனை விட்டுவிட்டு, அண்ணிக்கு என்ன திடீரென்று கடுதாசி எழுதும் ஆசை என்று நினைப்பாய். நீ கூப்பிட்டபோதெல்லாம் அவர் வெளியே போயிருந்தார். இப்போது போனே கெட்டுப் போய்விட்டது. சரி பண்ண ஆள் வரவேண்டும்.

உன் அண்ணனுக்கு மீன் தொட்டி ஆசை வந்துவிட்டது. நம்புவாயா? நீ இத்தனை வருஷமாக வண்ணமீன் கடை வைத்திருக்கிறாய், ஒரு நாளாவது அதைப் பற்றிக் கேட்டிருப்பாரா? முன்னறையில் டிவி இருந்த மேஜையில் இப்போது தொட்டி. முதலில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தன. போன வாரம் கறுப்பு மோலி நாலு வாங்கிக் கூடவே விட்டோம். இப்போது மோலிகளின் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துவந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் மேடாகத் தெரிகிறது. கல்லில் போய் உடம்பைத் தேய்க்கின்றன. விற்ற கடைக்காரர், "குளிரும்மா, தானா சரியாயிடும்" என்கிறார். உன்னைக் கேட்கலாம் என்பது உன் அண்ணன் யோசனைதான். உடனே எழுது.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே சௌக்கியம். முதுகு வலி அப்படியேதான், பிடிவாதமும் அப்படியேதான்.

அண்ணி, அது குளிருமில்லை ஒன்றுமில்லை. வெள்ளைப் புள்ளி நோய். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று மீனின் தோலுக்கடியில் புகுந்துகொள்ளும். புது மீன் வாங்குகிற வீட்டில் எல்லாம் ஒரு தடவையாவது இது வந்துதான் தீரும். விற்ற ஆளைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் இதைச் செய்யுங்கள்.

மோலியை மட்டும் தனியே எடுத்துப் பிரயோஜனமில்லை. பூச்சி தண்ணீரிலேயே இருக்கிறது. மொத்தத் தொட்டிக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். ஹீட்டர் வாங்கி, தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒரே மூச்சில் ஏற்றினால் மீன் தாங்காது. சூடான தண்ணீரில் காற்று குறையும், அதனால் ஏர் பம்ப்பை நிறுத்தவே கூடாது. அயோடின் கலக்காத கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். மருந்து இதோடு அனுப்பியிருக்கிறேன், அளவு புட்டியிலேயே ஒட்டியிருக்கிறது. ஃபில்டருக்குள் கரித்தூள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். விளக்கைப் போட வேண்டாம். அடியில் தேங்கும் அழுக்கைக் குழாய் வைத்து இழுத்து, பாதித் தண்ணீரை மாற்றிய பிறகே அடுத்த தடவை மருந்து.

அண்ணன் மீன் வளர்க்கிறாரா? காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டுவிட்டு வந்து அதே குரலில் வீட்டிலும் பேசுவாரே, மீன் பயந்து செத்துவிடப் போகிறது. வெளியே எங்காவது போன் இருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள்,
சிட்டு

*

பிப்ரவரி 20

அன்புச் சிட்டுவுக்கு,

மருந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறோம். சொல்லப்போனால், உன் அண்ணன்தான் செய்கிறார். என்னைத் தொடவிடுவதில்லை. உப்பைக் குவளையில் கரைத்து, அடியில் ஒரு கல்கூடத் தங்கவில்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் ஊற்றுகிறார். தொட்டியைச் சுற்றிப் பழைய போர்வையைப் போர்த்தியிருக்கிறார். ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி உள்ளே பார்க்கிறார். யாரோ பிரசவத்துக்கு வந்து படுத்திருப்பது போல் இருக்கிறது வீடு.

ஒரு மோலி போய்விட்டது. நேற்று ஏஞ்சலுக்கும் புள்ளி வந்துவிட்டது. நான் சமையலறையில் இருந்தேன், அவர் கை தட்டிக் கூப்பிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், பெரிய ஏஞ்சல் மூலையில் சாய்ந்து நிற்கிறது, அதன் துடுப்பு ஓரத்தில் மூன்று நாலு வெள்ளை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே புதிதாக வருகிறதே, இது ஏன்? மருந்து பலிக்கவில்லையா?

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், நான் திரும்பி வரும்போதும் அங்கேதான் இருக்கிறார். சந்தைக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறார். வேறொன்றும் விசேஷமில்லை.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மோலி போனதற்காக வருத்தப்பட வேண்டாம், முதல் தொட்டியில் ஒன்றாவது போகும். எனக்கு எத்தனை போயிருக்கிறது என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

மருந்து பலிக்கிறது. தோலுக்கடியில் இருக்கும்வரை அந்தப் பூச்சியை எந்த மருந்தாலும் தொட முடியாது. மீனின் உடம்பையே கூரையாகப் போட்டுக்கொண்டு உள்ளே தின்றுகொண்டிருக்கும். வயிறு நிறைந்ததும் கழன்று அடியில் விழும், அங்கே ஒன்று நூறாகப் பிளக்கும். அந்தக் குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும் போதுதான் மருந்திடம் மாட்டும். சூடு ஏற்றச் சொன்னதுகூட அவை சீக்கிரம் வெளியே வரட்டும் என்பதற்காகத்தான். ஏஞ்சலின் மேல் இப்போது தெரிகிற புள்ளி, மருந்துக்கு முன்பே உள்ளே போனது. பயப்படாமல் தொடர்ந்து போடுங்கள். முக்கியமான விஷயம், கடைசிப் புள்ளி மறைந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் ஏமாறுவது. மறைந்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் போட்டே ஆகவேண்டும்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன். காய்ச்சலோடு போய் ஏலம் விட்ட மனிதர் லீவு போட்டிருக்கிறாரா? கடைசியாகப் பேசியபோது என் பெண்ணின் படிப்பைப் பற்றி நான் ஏதோ சொல்ல வந்தேன், அவர் சொல்லவே விடவில்லை. "ஒரு நாளாவது வாயை மூடிட்டு நான் சொல்றதைக் கேளுங்களேண்ணா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நாங்கள் எப்போதும் அடித்துக்கொள்வதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் குரலையே கேட்கவில்லை. அதற்கா இத்தனை கோபம்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
சிட்டு

*

மார்ச் 8

அன்புச் சிட்டுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். புள்ளிகள் மறைந்துவிட்டன. பெரிய ஏஞ்சல் நேற்று மேலே வந்து தீனி எடுத்தது. நீ சொன்னபடி மருந்தை நிறுத்தவில்லை.

உன் அண்ணனுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. மனதில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கடையில் கணக்கு முடிக்கிற மாதம், வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் ஒன்றுமே இல்லை. பொறுக்க முடியாமல் போன ஞாயிறு காலை உங்கள் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். கெட்டுப் போன போன் அழகாக மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. பக்கத்தில் தொட்டியில் காற்று கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது. கூடவே யாரோ புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிற மாதிரியும் கேட்டது. "அண்ணா, நீங்களா?" என்றேன். "அண்ணா, நான் அன்னிக்குச் சொன்னது தப்புதான், ஏதாவது பேசுங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்.

நீங்கள் அந்த நேரத்தில் கடையில் இருந்திருப்பீர்கள். ஞாயிறு காலையிலும் உங்கள் கடை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருப்பது இந்த ஒரு அண்ணன்தான். பேச விருப்பமில்லையென்றால், விருப்பமில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். மூச்சை மட்டும் கேட்கவிட்டு வைத்துவிட்டால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? இனி மீனைப் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

சிட்டு

*

ஏப்ரல் 19

என் சிட்டு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், எழுதி எழுதிக் கிழித்ததுதான். இதைப் படிக்கும்போது உன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் அண்ணனால் பேச முடியாது.

போன வருஷம் முழுக்க அவர் குரல் கட்டியிருந்ததே, ஏலத்தில் கத்திக் கத்தித்தான் என்று எல்லோரும் நினைத்தோம். குரல்வளையில் கட்டி. டிசம்பர் நடுவில் ஆபரேஷன் நடந்தது. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு விடுவதெல்லாம் கழுத்தில் போட்டிருக்கிற துளை வழியாகத்தான். நீ போனில் கேட்டது அந்த மூச்சு. நோய் வேறெங்கும் பரவவில்லை, போன மாதம் பார்த்த டாக்டரும் அதைத்தான் சொன்னார். அந்த வரைக்கும் நமக்கு நல்ல காலம்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "வாயை மூடுங்கன்னு அவ விளையாட்டாச் சொன்னா. அதையே நினைச்சு நினைச்சு அழுவா. வேண்டாம்." அவர் எழுதியதை நான்தான் அழித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில் மீன் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவரை என்னால் நகர்த்தவே முடியவில்லை. அதனால்தான் தொட்டி வாங்கினேன். அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், மீனுக்கு நோய் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். உன் கடிதம் வந்த அன்றுதான் முதல் தடவையாகச் சவரம் பண்ணிக்கொண்டார். இனிமேல் கேட்காதே என்று எழுதிவிட்டாயே, அதை நான் அவரிடம் காட்டவில்லை.

கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை வைத்துப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் வண்டு கத்துவது போல் இருக்கிறது என்று எழுதிவிட்டு அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். அன்று போன் மணி அடித்ததும் என்ன நினைத்து எடுத்தாரோ. நான் வரும்போது தொட்டிக்கு முன்னால்கூட உட்காராமல் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார்.

உடனே கிளம்பி வந்துவிடாதே. உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

படித்தேன். பெட்டியில் துணியை எடுத்து வைத்தேன், பிறகு எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நீங்கள் சொல்கிறபடியே கேட்கிறேன்.

தனியாக இத்தனை மாதம் சுமந்திருக்கிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கடிதத்திலும் நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? எழுதுங்கள்.

இதோடு வேறொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதை அண்ணனிடம் கொடுங்கள். அதில் மீனைத் தவிர வேறெதுவும் இல்லை. எழுதி முடிப்பதற்குள் மூன்று தாளை ஈரமாக்கிவிட்டேன். இது நாலாவது.

உங்கள்,
சிட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமா? மீன்களை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று அண்ணி எழுதினார். ஏஞ்சலைக் காப்பாற்றுவது சுலபமில்லை. அடுத்து எந்த மீன் வாங்கினாலும் நேரே தொட்டியில் விடாதீர்கள். ஒரு சின்னத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள், அதற்கென்று தனி வலையும் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியம், கடையிலேயே பார்த்து வாங்குவது. மீனை மட்டும் பார்த்தால் போதாது, அது நீந்துகிற தொட்டி முழுவதையும் பாருங்கள். ஏதாவது ஒன்று துடுப்பை மடக்கிக்கொண்டு நின்றாலோ, கல்லில் தேய்த்தாலோ, அந்தத் தொட்டியில் எதையும் தொடாதீர்கள். கடைக்காரர் ஆயிரம் சொல்வார், உங்கள் கண்ணை நம்புங்கள். நீங்களே நேரில் போய்ப் பாருங்கள், அண்ணியை அனுப்பாதீர்கள். அவர் லென்ஸில் கீறல் கண்டுபிடிப்பார், மீன் விஷயத்தில் ஏமாந்துவிடுவார்.

சிட்டு

*

ஜூன் 14

அன்புச் சிட்டுவுக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இந்த வாரம் சிரிக்கவும் செய்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

உன் தாளை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகாத மனிதர், போன புதன்கிழமை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தனியாக மீன் கடைக்குக் கிளம்பினார். திரும்பி வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது. சிலேட்டை எடுத்து அழுத்தி அழுத்தி எழுதினார். அங்கே மோலித் தொட்டியில் புள்ளி விழுந்திருக்கிறதாம். ஒரு ஆள் அதிலிருந்து மீன் பிடித்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இவர் கை தட்டியிருக்கிறார், அந்த ஆளின் தோளைத் தொட்டுக் கையை ஆட்டியிருக்கிறார். அவரோ, "உங்களுக்கு வேணுமா சார்? நீங்களே எடுத்துக்கங்க" என்று நகர்ந்து வழிவிட்டாராம். கடைக்காரர் இவருக்கும் சேர்த்து ஒரு பை மீன் கட்டிவிட்டார்!

அன்று மாலை அலமாரிச் சாவியைக் கேட்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே என்னவோ முயற்சி பண்ணினார். நான் கதவுப் பக்கமே போகவில்லை.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். டார்ச் லைட் போலிருக்கும் அந்தக் கருவியைக் கழுத்தில் வைத்து, "இந்தத் தொட்டி மீனை விக்காதீங்க. வெள்ளைப் புள்ளி இருக்கு" என்றார். கடையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கடைக்காரர், "என்ன சார், வியாபாரத்தைக் கெடுக்கறீங்களே" என்றார்.

"மருந்து போடுங்க. புள்ளி மறைஞ்சாலும் நிறுத்தாதீங்க. அப்புறம் வித்தா நானே வந்து வாங்கறேன்."

அப்பாவோடு வந்திருந்த சின்னப் பெண் ஒன்று முதலில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. பிறகு தலையை மட்டும் நீட்டி, "அது என்ன அங்கிள்?" என்றது.

"இதா? என் வாய். கழட்டிப் பையில வெச்சுக்கலாம்."

அந்தப் பெண் சிரித்தது. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அந்தத் தொட்டிக்கு முன்னால் ஒரு அட்டையை வைத்து மறைத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "உப்பு கம்மி. எல்லாத்தையும் தொட்டியில போட்டுட்டியா?" வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். தட்டோடு எழுந்து போய் உப்பை எடுப்பது போல் சமையலறையில் நின்று அழுதேன்.

அன்றே சொல்லிவிட்டேன், சிட்டுவுக்குத் தெரியும் என்று. கையில் இருந்த கருவியைக் கீழே வைத்தார். பிறகு அதைத் திரும்ப எடுத்துக் கழுத்தில் வைத்து, "அதானே பார்த்தேன். அந்தத் தாள்ல என்னை ஒரு வார்த்தை திட்டலையே, இவளுக்கு என்ன ஆச்சுன்னு அப்பவே நினைச்சேன்" என்றார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று காலை பேனாவும் தாளும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 17

சிட்டுவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே. உன் அண்ணி நாலு மாதமாக எழுதிக்கொண்டிருந்த சௌக்கியத்தில் சேர்க்காதே.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, உனக்கே தெரியும். சந்தையில் இப்போது வேறொரு ஆள் ஏலம் விடுகிறான். போய்ப் பார்த்தேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவசரப்படுகிறான். என்னை எடை மேடைப் பக்கம் உட்காரச் சொல்லி முதலாளி கூப்பிட்டிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து போகலாமென்று இருக்கிறேன். சத்தம் போடுகிற வேலை இல்லை. பார்க்கிற வேலை. ஆறு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

நீ சொன்னாய் என்பதற்காக என் தொண்டையில் கட்டி வரவில்லை. அது அதற்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. உன் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் சின்ன வயதிலேயே நான் எத்தனையோ தடவை செத்திருக்க வேண்டும். இதற்காக இனி ஒரு சொட்டு அழுதாய் என்று கேள்விப்பட்டேனோ, நேரில் வந்து உதைப்பேன்.

அன்றைக்குப் போனை வைத்தது தப்பு. நீ "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், என்னிடம் காற்று மட்டும்தான் வருகிறது. கையால் காட்ட உன் முகமும் எதிரில் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

உன் பெண்ணின் படிப்பு விஷயம் நீ இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஞாயிறு காலை கூப்பிடு. உன் அண்ணி கடையில் இருப்பாள், நான்தான் எடுப்பேன். புதுக் குரல் உனக்குப் பிடிக்காது. எனக்கே பிடிக்கவில்லை. எடுத்ததும் சத்தம் வராது சிட்டு. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கருவியைத் தேடி எடுத்து, கழுத்தில் சரியான இடம் பார்த்து வைக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அதுவரைக்கும் வைத்துவிடாதே.

அண்ணன்